பகுதிபடக் காய்ச்சி வடித்தல்: நிரல் எதற்கு?

மாணவர்களே, எதனோலின் கொதிநிலை 78 பாகை செல்சியஸ், நீரினது 100. ஆகவே 78 பாகையில் எதனோல் முழுவதும் ஆவியாகிவிடும், நீர் மட்டும் எஞ்சும் என்று பலர் எழுதுகிறார்கள். இது பிழை. அப்படியானால் நிரலே தேவையில்லை!

அச்சுவேலியிலிருந்து தொண்டைமானாற்றைக் கடந்தால் வடமராட்சி. அங்குள்ள திக்கம் வடிசாலை பனங்கள்ளிலிருந்து சாராயம் வடிப்பதற்கென அமைக்கப்பட்டது. கள்ளில் எதனோல் திணிவில் 5 சதவீதம் எனக் கொள்வோம். அத்தகைய எதனோல் - நீர்க் கலவை கொதிப்பது ஏறத்தாழ 95 பாகையில். முதலில் எழும் ஆவியில் எதனோல் ஏறத்தாழ 35 சதவீதம், மிகுதி நீராவி. அதை ஒடுக்கி மீண்டும் கொதிக்கவைத்தால் முதல் ஆவியில் 73, இன்னொரு முறை 83. கவனியுங்கள், ஏற்றம் வரவரக் குறைகிறது.

இந்த மீள்காய்ச்சலை ஒரே நிரல் செய்துமுடிக்கிறது. மேலேறும் ஆவி ஒவ்வொரு தட்டிலும் கீழிறங்கும் திரவத்தைச் சந்திக்கிறது. ஆவியிலுள்ள நீர் ஒடுங்க, அப்போது வெளிவரும் வெப்பத்தால் திரவத்திலுள்ள எதனோல் ஆவியாகிறது. ஆய்கூடத்தில் தட்டுக்குப் பதிலாகக் கண்ணாடி மணிகள்.

உச்சியில் ஒடுங்கும் திரவத்தில் ஒரு பங்கு நிரலுக்கே திரும்ப வேண்டும். முழுவதையும் எடுத்தால் தட்டுகள் வறண்டுவிடும். தட்டுகளைக் கூட்டினால் நிரலின் விலை கூடும்; குறைத்தால் அதிக திரவத்தைத் திருப்ப வேண்டும், எரிபொருட் செலவு கூடும். பொறியியலாளர் கணக்குப் பார்ப்பது இங்கேதான்.

எத்தனை தட்டு வைத்தாலும் சாதாரண அமுக்கத்தில் எதனோல் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. அந்நிலையில் ஆவிக்கும் திரவத்துக்கும் அமைப்பு ஒன்றே.

1969 இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தில் மசகெண்ணெய் பிரிவதும் இவ்வாறே. பெற்றோல் மேலே, மண்ணெண்ணெய், டீசல் இடையில், கனமான எச்சம் அடியில்.