காரின் பேட்ஜ்: கழற்றுவதும் மாற்றுவதும்

ஒரு சாதாரணக் காரில் பேட்ஜ்களை எண்ணிப் பார்த்தால் பத்துக்கு அருகில் வரும். முன் கிரில்லில் கம்பெனியின் சின்னம் ஒன்று, டிக்கியில் இன்னொன்று, அதன் இரு பக்கமும் மாடல் பெயரும் வேரியன்ட் எழுத்துகளும், ஸ்டியரிங்கின் நடுவில் ஒன்று, நான்கு சக்கரங்களின் மையத்தில் நான்கு. டிக்கி எழுத்துகளை எடுத்துவிட்டு மொழுமொழுவென்று விட வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. ஒரு கம்பெனியின் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டுபவர்களும் உண்டு. முதலாவது பெரும்பாலும் ஒருவருடைய ரசனை. இரண்டாவது, அந்த வண்டியைப் பற்றிச் சாலையில் போகிறவர்களிடம் சொல்லும் ஒரு செய்தி. இரண்டில் எதைச் செய்வதானாலும் பேட்ஜ் எதனால் ஆனது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்றும் முதலில் தெரிய வேண்டும்.

பழைய கார்களின் சின்னங்கள் நகைக்கடை வேலைக்கு நெருக்கமானவை. பித்தளைத் தகட்டில் பள்ளம் எடுத்து, அதில் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் சுட்டு எனாமல் ஏற்றினார்கள். பிறகு துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துக் குரோம் பூசும் முறை வந்தது. இன்றைய பேட்ஜ்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக்கில் உலோகம் எப்படி ஒட்டுகிறது என்பது ரசிக்கத்தக்க சங்கதி. ஏபிஎஸ்ஸுக்குள் ரப்பர் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவிக் கிடக்கின்றன. வீரியமான அமிலத்தில் முக்கும்போது மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் மட்டும் கரைந்து, நுண்ணிய குழிகள் உண்டாகின்றன. அந்தக் குழிகளுக்குள் உலோகம் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. முதலில் மின்சாரமின்றி ஒரு மெல்லிய படலம், அதன்மேல் மின்முலாமாகச் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோமியம். கண்ணில் படும் குரோம் அடுக்கு ஒரு மைக்ரானைவிடக் குறைவு. பளபளப்பையும் துருவைத் தாங்கும் வலுவையும் பெருமளவு கொடுப்பது அடியில் உள்ள நிக்கல்தான். மலிவான டூப்ளிகேட்டுகளில் இந்த அடி அடுக்குகள் மெலிந்துபோவதால் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் அவை சீக்கிரமே கொப்புளித்து உரிகின்றன.

பேட்ஜ் நிற்கும் விதம் இரண்டு. டிக்கி எழுத்துகள் அநேகமாக அக்ரிலிக் நுரை நாடாவில், கடைக்காரர்கள் டபுள் டேப் என்று சொல்வதில், ஒட்டப்பட்டவை. பெரிய சின்னங்களுக்குப் பின்பக்கம் முளை இருக்கும். அது தகட்டின் துளை வழியே உள்ளே போய், பின்னாலிருந்து கிளிப்பால் இறுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நாடாவும் இருக்கும், இடம் பிசகாமல் உட்காருவதற்கு இரண்டு சிறு முளைகளும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. டிக்கிக் கதவின் உள்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் துளை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் எழுத்தை நெம்பி எடுத்துவிட்டு, பளபளக்கும் கதவில் இரண்டு ஓட்டைகளைப் பார்த்து நிற்பது பரிதாபமானது. துளையை அடைக்க வெல்டிங், பட்டி, அந்தக் கதவு முழுவதற்கும் பெயின்ட் என்று வேலை நீளும். அடைக்காமல் விட்டால் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், ஓட்டையின் விளிம்பிலிருந்து துரு கிளம்பும்.

நாடாவில் ஒட்டியதை எடுக்கப் பொறுமை போதும். முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் அது பிறகு உப்புத்தாள் போல வேலை செய்யும். எழுத்துகளின் தலைக்கு நேராக மறைப்பு நாடா ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு எழுத்தின் இரு விளிம்பையும் பென்சிலால் குறித்துக்கொள்வது, என்றாவது திரும்ப ஒட்டும்போது கைகொடுக்கும். பிறகு ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஆட்டி, விரலை வைத்தால் சுருக்கென்று சுடும் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் இதற்கு ஆகாது. அதன் முனையில் வரும் காற்று 500 டிகிரியைத் தொடும். பெயின்டும் பம்பரும் அதைத் தாங்காது. சூட்டில் நாடாவின் பசை இளகியதும், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பை எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, இரு கையிலும் சுற்றிப் பிடித்து, ரம்பம் போல மெதுவாக இழுக்க வேண்டும். நரம்பு நுரையின் நடுவே அறுத்துக்கொண்டு போகும். எழுத்து கையோடு வரும், பாதி நுரை கதவிலேயே தங்கும். மிச்சத்தை மறுபடி சூடாக்கிக் கட்டைவிரலால் உருட்டினால் புழு புழுவாகச் சுருண்டு வரும். கடைசிப் பிசுபிசுப்புக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணி போதும். தின்னர் வேண்டாம். கம்பெனி பெயின்ட் ஒருவேளை தாக்குப்பிடிக்கும். பட்டறையில் மறுபடி அடித்த பெயின்ட் அதில் கரைந்துவிடக்கூடும். ஸ்குரூ டிரைவருக்கும் பிளேடுக்கும் இந்த வேலையில் இடமே இல்லை. மேலே இருக்கும் கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு கீறல் அதைத் தாண்டி நிறத்துக்குள் இறங்க அதிக அழுத்தம் தேவையில்லை.

எடுத்த பிறகு அந்தப் பெயர் நிழல் போல அங்கேயே தெரிவதும் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் பல ஆண்டுகளாகச் சுற்றியுள்ள பெயின்டை மங்கச் செய்திருக்கும். எழுத்துக்கு அடியில் இருந்த பகுதி மட்டும் ஷோரூமில் வந்த நிறத்தில் புதிதாக இருக்கும். இரண்டு வருட வண்டியில் பாலிஷ் போட்டால் நிழல் மறைந்துவிடும். பத்து வருடச் சிவப்பு வண்டியில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் பெயர் தெரியலாம். அப்படிப்பட்ட வண்டியில் எழுத்தை விட்டுவைப்பதே மேல்.

முன்பக்கச் சின்னம் வேறு கணக்கு. டொயோட்டா, மெர்சிடிஸ் மாடல்கள் பலவற்றில் அதற்குப் பின்னால் ஒரு ரேடார் உட்கார்ந்திருக்கிறது. முன்னே போகும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளந்து, தேவையானால் தானே பிரேக் போடும் அமைப்புக்கு அதுதான் கண். அது 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. காற்றில் அந்த அலையின் நீளம் சுமார் 3.9 மில்லிமீட்டர். உலோகம் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், வழக்கமான குரோம் பூச்சை அங்கே வைக்க முடியாது. ஆனால் சின்னம் வெள்ளியாகப் பளபளக்கவும் வேண்டும். இதற்கு எளிய, அழகான தீர்வு ஒன்று உண்டு. இண்டியம் என்ற மென்மையான உலோகத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் பின்புறம் படியவைத்தால், அது தொடர்ச்சியான தகடாகப் படியாமல், ஒன்றை ஒன்று தொடாத நுண் தீவுகளாகப் படிகிறது. கண்ணுக்கு அது கண்ணாடி போன்ற வெள்ளி. தீவுகளுக்கு இடையே மின்னோட்டம் பாய வழி இல்லாததால், ரேடார் அலைக்கு அது ஏறத்தாழ இல்லாதது போலத்தான். ஜப்பானின் டொயோடா கோசெய் நிறுவனம் இப்படி ரேடார் அலையை ஊடுருவவிடும் சின்னங்களைச் செய்கிறது.

பளபளப்போடு விஷயம் முடியவில்லை. பிளாஸ்டிக்கின் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் அலையின் ஒரு பகுதி எதிரொலிக்கும். பாலிகார்பனேட்டுக்குள் அலைநீளம் சுமார் 2.4 மில்லிமீட்டராகச் சுருங்கும். தடிமன் அதில் பாதியாக, அதாவது 1.2 மில்லிமீட்டராக, அல்லது அதன் மடங்குகளாக இருந்தால் இரு எதிரொலிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலை சேதமில்லாமல் வெளியே போகும். அதனால்தான் இந்தச் சின்னங்களின் முகம் தட்டையாக, உட்புறம் முழுக்க அடைத்தபடி, ஒரே தடிமனில் இருக்கிறது. இதன்மேல் கருப்பு பெயின்ட் அடித்தாலோ, ஸ்டிக்கர் ஒட்டினாலோ, கடையில் வாங்கிய குரோம் சின்னத்தை மேலே பதித்தாலோ அந்தக் கணக்கு கலைகிறது. சின்னத்தைக் கழற்றி மாட்டும்போது ரேடாரே ஒரு டிகிரி திரும்பிவிட்டால், 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். பக்கத்துத் தடத்து லாரியைத் தன் தடத்தில் இருப்பதாக எண்ணி வண்டி பிரேக் போட அந்தப் பிசகு போதும். தட்டையான, கண்ணாடி போன்ற முன்சின்னம் இருக்கும் வண்டியில் அதைத் தொடக்கூடாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஸ்டியரிங் நடுவில் இருப்பதற்கும் அதே விதிதான். அதன் அடியில் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதலில் அந்த மூடி சில மில்லி நொடிகளில் கிழிந்து திறக்கும். கம்பெனி பொருத்திய சின்னம் அந்த மூடியோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டது. அதன்மேல் ஒட்டும் கல் பதித்த அலங்காரச் சின்னங்கள் அப்படி அல்ல. 2022-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. விபத்தில் அப்படி ஒரு சின்னம் தெறித்து ஓட்டுநரின் முகத்தில் பட்டு, ஒரு கண்ணின் பார்வை போனதே காரணம். அழகுக்காக ஒட்டிய ஒரு சிறு வட்டம் அது.

பின்பக்கத்தில் ஆபத்து இல்லை, ஆனால் கவனிக்க ஒன்று உண்டு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற கார்களில் டிக்கிச் சின்னமே கைப்பிடி. அழுத்தினால் சாய்ந்து கதவைத் திறக்கும். சில மாடல்களில் ரிவர்ஸ் கேமராவும் அதற்குள் ஒளிந்திருக்கும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் என்று சொல்லும் பேட்ஜ்களையும் விட்டுவைப்பது நல்லது. விபத்து நடந்த இடத்துக்கு வரும் மீட்புப் படையினருக்கு, உயர் மின்னழுத்த வயர்கள் உள்ள வண்டி இது என்று சட்டென்று உணர்த்தும் குறிகளில் அதுவும் ஒன்று.

டிக்கி எழுத்துகளை நீக்க விரும்புபவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜெர்மன் கம்பெனிகள் புதுக் காரை மாடல் எழுத்து இல்லாமலேயே ஆர்டர் செய்யும் வசதியை நெடுங்காலமாகத் தருகின்றன. அதோடு, எண்கள் முன்புபோல உண்மையும் பேசுவதில்லை. ஒரு காலத்தில் பிஎம்டபிள்யூ 320 என்றால் மூன்றாம் வரிசை, இரண்டு லிட்டர் இன்ஜின் என்று படிக்கலாம். பின்னாளில் வந்த 328-இல் இருந்ததும் இரண்டு லிட்டர் இன்ஜின்தான். மெர்சிடிஸ் சி 63 என்ற பெயர் 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினோடு தொடங்கியது. பின்னாளில் அதே எண் இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் ஹைப்ரிட்டின் முதுகில் ஏறியது. பொருள் இழந்த எண்ணை எடுத்துவிட்டால் அதைப் படிப்பவர் எதையும் இழப்பதில்லை.

மாற்றி ஒட்டுவதில் முன்னோடிகள் கம்பெனிகளே. ஒரே காரைப் பல பெயர்களில் விற்பதற்கு வாகன உலகில் பேட்ஜ் இன்ஜினியரிங் என்றே பெயர். 1962-ல் பிரிட்டனில் வந்த ஒரே சிறிய காரை ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, வோல்ஸ்லி, ரைலி, வாண்டன் பிளா என ஆறு சின்னங்களில் விற்றார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மூன்றாம் வரிசை இந்தியாவில் அம்பாசிடர் ஆனது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. ஃபியட் 1100 பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, 1974-ல் பத்மினி ஆனது. பேட்ஜ் இரண்டு முறை மாறியும் மக்கள் அதைக் கடைசிவரை ஃபியட் என்றே கூப்பிட்டார்கள். நம் காலத்தில், 2019-ல் மாருதி சுசுகி பலேனோ டொயோட்டா கிளான்சாவாகவும் வந்தது. 2023-ல் எதிர்த் திசையில் டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் மாருதி இன்விக்டோ ஆனது.

இப்படிப்பட்ட இரட்டையர்களில் ஒன்றின் சின்னத்தை மற்றதில் ஒட்டுவது ஒருவகையில் உண்மைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோ அமெரிக்காவில் போன்டியாக் ஜிடிஓ என்று விற்றபோது, அமெரிக்க உரிமையாளர்கள் சிலர் ஹோல்டன் சிங்கத்தைத் தேடி வாங்கிப் பொருத்தினார்கள். வண்டியின் பிறந்த வீட்டுப் பெயரைத் திருப்பிக் கொடுத்த வேலை அது. சாதாரண இன்ஜின் உள்ள காரில், வேகமான மாடல்களுக்கான எம் என்றோ ஏஎம்ஜி என்றோ ஒட்டுவது அந்த வகையில் சேராது. ஹோண்டாவின் சிவப்பு எச் அப்படி ஒன்று. 1992-ல் என்எஸ்எக்ஸ் காரின் டைப் ஆர் வகையில் தொடங்கி, எடை குறைத்து இன்ஜினைக் கூர்தீட்டிய கார்களுக்கென்று வைத்த நிறம் அது. சென்னை ஜி.பி. ரோட்டு அக்சஸரி கடையில் வாங்கி ஒட்டினால் கார் வேகமாகாது. அந்த நிறத்துக்காக உழைத்த பொறியாளர்களின் வேலைக்கும் அது மரியாதை செய்வதாகாது.

சட்டம் இதில் கடுமை காட்டுவதில்லை, ஆனால் எல்லை வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எழுத்துகளை எடுப்பதால் அந்த விவரம் எதுவும் மாறாது. போலிச் சின்னம் பொறித்த பொருளை விற்பது வேறு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உயர்ந்த வேரியன்ட் பேட்ஜை ஒட்டி அந்த விலைக்கு விற்பது நேரடியான ஏமாற்று. பழைய கார் வாங்குபவர் டிக்கியைப் படிக்காமல், சேஸிஸில் பொறித்த 17 இலக்க எண்ணையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும்: எம்ஏ3 என்றால் மாருதி சுசுகி, எம்ஏஎல் என்றால் ஹூண்டாய், எம்ஏடி என்றால் டாடா. குழப்பம் வராதிருக்க ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வருவதே இல்லை.

எடுத்த எழுத்துகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது விற்கும் நாளில் உதவும். திரும்ப ஒட்டும்போது பழைய நுரையை முழுக்க நீக்கிப் புதிய அக்ரிலிக் நாடாவை எழுத்தின் வடிவத்துக்கே வெட்டி ஒட்ட வேண்டும். கதவை ஆல்கஹாலால் துடைத்து, முன்பு குறித்துவைத்த மறைப்பு நாடாவை அதே இடத்தில் ஒட்டி, ஒவ்வோர் எழுத்தையும் பென்சில் கோட்டுக்குள் வைத்து, பத்து நொடியாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பசை முழு வலுவை அடைய மூன்று நாள் வரை ஆகும். அதுவரை வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடாது.