குழல் நீண்டால் குண்டு வேகமெடுக்குமா?

1873இல் வின்செஸ்டர் நிறுவனம் ஒரு ரைஃபிளையும் அதற்கென்றே .44-40 என்ற தோட்டாவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவைச் சுடும் ரிவால்வரைச் செய்துவிட்டது. அமெரிக்காவின் மேற்கே, கடைகண்ணி இல்லாத வெளிகளில் நாள்கணக்காகக் குதிரையில் போனவர்களுக்கு அது பெரிய வசதி. இடுப்பில் ரிவால்வர், சேணத்தில் ரைஃபிள், இரண்டுக்கும் ஒரே தோட்டா.

அந்த வசதிக்கு மவுசு இன்றும் குறையவில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களான 9 மி.மீ., .357 மேக்னம், .45 ஆகியவற்றைச் சுடும் ரைஃபிள்களுக்கு அமெரிக்காவில் நல்ல சந்தை உண்டு. வாங்கப் போகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது குழலின் நீளத்தை. நீளம் கூடக் கூட வேகமும் கூடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. அந்த அளவு எங்கே முடிகிறது என்பதைத் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துதான் தீர்மானிக்கிறது.

ராணுவ ரைஃபிளின் 5.56 மி.மீ. தோட்டாவில் ஒன்றரை கிராமுக்கும் அதிகமான வெடிமருந்து இருக்கும். 9 மி.மீ. தோட்டாவில் அரை கிராம்கூட இருக்காது. அதுவும் சட்டென்று எரிந்து தீரும் வகை. குட்டையான பிஸ்டல் குழலுக்குள்ளேயே வேலை முடிய வேண்டும் என்று கணக்குப்போட்டு அப்படிச் செய்கிறார்கள். குண்டு நகரத் தொடங்கியதுமே வாயுவின் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். பிறகு குண்டு முன்னே போகப் போக, அதே வாயு நீண்டுகொண்டே போகும் இடத்தை நிரப்ப வேண்டும். அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். குழலின் உட்சுவரோடு குண்டு உராய்வது மட்டும் கடைசிவரை ஓயாது. தள்ளும் விசையும் உராய்வும் சமமாகிவிட்டால், அதற்கப்பால் உள்ள குழலால் வேகத்துக்குப் பயனில்லை.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். 9 மி.மீ. குண்டு நான்கு அங்குலக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 16 அங்குலக் குழலில் அது ஏறத்தாழ 400 ஆகும். நீளம் நான்கு மடங்கு, லாபமோ 50 மீட்டர். அதிலும் பெரும்பகுதி முதல் பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. .45க்குக் கிடைப்பது இன்னும் சொற்பம்.

.357 மேக்னம் வேறு ரகம். 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த இந்த ரிவால்வர் தோட்டாவின் கூடு நீளமானது. மெதுவாக எரியும் மருந்தை ஒரு கிராம்வரை அடைக்கலாம். ரிவால்வரில் சுமார் 375 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு, 18 அங்குல ரைஃபிளில் 550ஐ நெருங்கிவிடும். நீளமான குழலுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாத கைத்துப்பாக்கித் தோட்டா எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

வேகமே வேண்டாம் என்ற தேவையும் உண்டு. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு காற்றில் ‘சடீர்’ என்று ஓர் அதிர்வொலியைக் கிளப்பும். சத்தமடக்கி பொருத்தினாலும் அது அடங்காது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் எம்பி5எஸ்டி துப்பாக்கியில் இதற்கு ஒரு வழி கண்டது. அதன் குழல் 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிலும் 30 சிறு துளைகளைப் போட்டு, வாயுவைக் கொஞ்சம் வெளியே விட்டு, சாதாரண 9 மி.மீ. குண்டை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறக்கினார்கள்.

குழலின் நீளத்துக்கு வேறு பயன்களும் இருக்கின்றன. சாதாரணக் குறிமுனைகள் இரண்டுக்கும் இடைவெளி கூடினால் குறிபார்ப்பது துல்லியமாகும். வாய்முனையில் தீப்பொறியும் அதிர்வும் குறையும். முன்பக்கம் கனமானால் ஆட்டம் மட்டுப்படும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடப்படுவது .22 தோட்டா. பிஸ்டலிலும் அதையே போட்டுச் சுடலாம். அதில் மருந்து மிகக் கொஞ்சம். போட்டித் துப்பாக்கிகளின் நீண்ட குழல் வேகத்துக்காக வைத்ததல்ல.

அப்படியானால் அமெரிக்கக் கடைகளில் 9 மி.மீ. ரைஃபிள்கள் ஏன் பெரும்பாலும் 16 அங்குலக் குழலோடு நிற்கின்றன? சட்டம்தான் காரணம். 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை வரைந்தவர்கள் கைத்துப்பாக்கிகளையும் அதற்குள் கொண்டுவர நினைத்தார்கள். ரைஃபிளின் குழலை வெட்டிக் குட்டையாக்கி யாரும் சட்டத்தை ஏய்க்கக் கூடாதென்று நீளத்துக்கு ஒரு கீழ்வரம்பு வைத்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கிகள் மசோதாவிலிருந்து நீங்கின. வரம்பு மட்டும் தங்கிவிட்டது. தொடக்கத்தில் 18 அங்குலமாக இருந்ததை 1960இல் ரைஃபிள்களுக்கு 16 ஆகக் குறைத்தார்கள். அதைவிடக் குட்டையென்றால் பதிவு செய்ய வேண்டும். 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரியில் வரி போய்விட்டது, பதிவு போகவில்லை.

குழலின் முனையில் நிரந்தரமாகப் பற்றவைத்த துணைக்கருவியும் நீளக் கணக்கில் சேரும். அதனால் சில தயாரிப்பாளர்கள் குட்டையான குழலைச் செய்து, முனையில் ஒரு கூட்டைப் பற்றவைத்து, 16 அங்குலக் கணக்கை நேர்செய்துவிடுகிறார்கள். 9 மி.மீ. வாங்குகிறவருக்கு இதனால் வேகத்தில் பெரிய நஷ்டமில்லை, எடையும் குறைகிறது. .357 வாங்குகிறவர் முழுநீளக் குழலையே கேட்டு வாங்குவது நல்லது.