கண் சிவந்தால் வயிற்றையும் சொல்லுங்கள்

பனமலையானாலும் திண்டிவனமானாலும் கண் சிவந்தால் நம் வாயில் முதலில் வருவது ‘மெட்ராஸ் ஐ’. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கும், மலத்தில் ரத்தமும், அடிவயிற்று வலியுமாக அவதிப்படுபவர் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது.

இந்த அறிகுறிகளைத் தரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன் நோய் ஆகிய குடல் அழற்சி நோய்கள் குடலோடு நிற்பதில்லை. மூட்டு, தோல், கண் என்று பரவுகின்றன. இந்த நோயாளிகளில் 100 பேருக்குச் சுமார் 4 முதல் 10 பேரின் கண் பாதிக்கப்படுகிறது. க்ரோன் நோய்க்குப் பெயர் தந்த அமெரிக்க மருத்துவர் பர்ரில் க்ரோன், அந்த நோயை விவரித்த 1932-க்கு முன்பே, 1925-இல் பெருங்குடல் அழற்சியோடு வரும் கண் பாதிப்பைப் பற்றி எழுதிவிட்டார்.

குடல் அழற்சி உள்ளவருக்குக் கண்ணின் வெள்ளைப்பகுதி மேலாகச் சிவந்து லேசாக உறுத்தினால் அது பெரும்பாலும் எபிஸ்கிளீரைட்டிஸ். குடல் அடங்கினால் அதுவும் அடங்கும். பயப்பட வேண்டியது கண்ணுக்குள் வரும் அழற்சியான யுவியைட்டிஸுக்குத்தான். வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல். வயிறு அமைதியாக இருக்கும்போதும் வரும். சிலருக்குக் குடல் நோய் தெரியவருவதற்கு முன்பே வந்துவிடும். சிவப்பே இல்லாமல் மெல்ல மெல்லப் பார்வையைத் தின்பதும் உண்டு.

டார்ச் வெளிச்சத்தில் இது பிடிபடாது. ஸ்லிட் லாம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்தினால், ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். தெளிவாக இருக்க வேண்டிய கண்ணின் உள்நீரில்தான் அவை மிதக்கின்றன. கவனிக்காமல் விட்டால் ஐரிஸ் பின்னாலுள்ள லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். பாவை வட்டம் இழந்து கோணலாகும். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டோடு பாவையை விரிக்கும் சொட்டும் தருகிறார்கள். ஸ்டீராய்டைச் சொந்தமாக வாங்கி நீண்ட நாள் போட்டால் கண்புரையும் கண் அழுத்த நோயும் வரக்கூடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், காசநோய். குடல் காசநோய் அச்சு அசலாக க்ரோன் நோய்போலவே இருக்கும். காசநோயாலும் யுவியைட்டிஸ் வரும். அடலிமுமாப் ஊசி குடலுக்கும் கண்ணுக்கும் சேர்த்தே பலன் தரும் அருமையான மருந்து. ஆனால் உடலில் உறங்கும் காசநோயை அது எழுப்பிவிடக்கூடும். அதனால்தான் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். செலவு என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

விழுப்புரம் வட்டார மக்களுக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரிக்குப் போனால் கோரிமேட்டில் ஜிப்மர், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை. வயிற்றுக்கு ஓரிடம், கண்ணுக்கு வேறிடம் என்று போகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும். மலத்தில் ரத்தம் போவதைக் கண் டாக்டரிடம் சொல்வதில் கூச்சம் எதற்கு? அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.