பிழையை எப்படிச் சொல்வது?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். வீடுகள் சிறியவை. முற்றம் கிடையாது. ஆனாலும் வாசலில் ஒரு எண்ணெய் டின் இருக்கும். அதில் துளசி இருக்கும். பழைய பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை இருக்கும்.

அங்கே ஒரு அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லி விற்பது அவர் தொழில். செடி வளர்ப்பது அவர் ஆசை. நாற்பது வயதுக்குமேல் எழுதப் படிக்கக் கற்றவர். இப்போது அவர் கையில் செல்போன் இருக்கிறது. அதில் செடி வளர்ப்போர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு. மும்பை, பெங்களூரு, டெல்லி, பாலக்காடு என்று பல ஊர்த் தமிழர்கள் அதில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் அந்த அம்மா எழுதுகிறார்:

"கருவேப்பிலை செடில வெல்லைப் பூச்சி வந்திருக்கு. என்ன மருந்து?"

இதை எழுத அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டார். உடனே ஒரு பதில் வந்தது.

"வெல்லை இல்லை, வெள்ளை. செடில இல்லை, செடியில். முதலில் தமிழை ஒழுங்காக எழுதுங்கள்."

இரண்டு பேர் சிரிக்கிற பொம்மைப் படம் போட்டார்கள். பூச்சிக்கு மருந்து யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போனது. டெல்லிக்காரர் ஒருவர் அதே குழுவில் கேட்டார். "என் கறிவேப்பிலைச் செடி துளிர்க்கவே இல்லை. என்ன செய்வது?" தாராவி அம்மாவுக்கு அதற்கு வழி தெரியும். புளித்த மோரில் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுவார். அவர் செடி நன்றாகத் துளிர்க்கும். ஆனால் அவர் எழுதவில்லை. போனை எடுத்தார். எழுத்தைப் பார்த்தார். மறுபடி கீழே வைத்துவிட்டார்.

இங்கே நஷ்டம் யாருக்கு? அந்த அம்மாவுக்கு மட்டும்தானா?

பிழை ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். நாம் காதால் கேட்டுத்தான் மொழியைக் கற்கிறோம். காதில் விழுவதைத்தான் கை எழுதும். தமிழில் ல, ள, ழ என்று மூன்று எழுத்து இருக்கிறது. பல ஊர்களில் பேச்சில் ழ வருவதே இல்லை. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறார்கள். சென்னையில் சிலர் 'வாயப்பயம்' என்பார்கள். ர, ற இரண்டும் பலர் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும். ந, ன இரண்டுக்கும் அதே கதை. அப்படி இருக்க, எழுதும்போது மட்டும் எப்படிச் சரியாக வரும்? படித்துப் படித்துப் பழகினால்தான் வரும். அதற்கு நாள் ஆகும்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. வங்காள மொழியில் 'ஷ' போல ஒலிக்கும் எழுத்து மூன்று உண்டு. பேச்சில் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே பள்ளிப் பிள்ளைகள் திணறுகிறார்கள். இந்தியில் 'தின்' என்று குறிலாக எழுதினால் நாள். 'தீன்' என்று நெடிலாக எழுதினால் ஏழை. அங்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. பெரிய படிப்புப் படித்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை.

சில சமயம் பிழை மனிதருடையதே இல்லை. போன் தானாகவே ஒரு சொல்லை மாற்றிவிடும். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது அல்லவா? அது தப்பாகக் கேட்டு, தப்பாக எழுதும். திட்டு வாங்குவது என்னவோ நாம்தான்!

அப்படியானால் பிழையைத் திருத்தவே கூடாதா? அப்படி இல்லை. கட்டாயம் திருத்த வேண்டிய இடம் உண்டு.

வேப்பெண்ணெய்க் கரைசலை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சேர்ப்பார்கள். கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலப்பார்கள். ஒருவர் கை தவறி 50 மில்லி என்று எழுதிவிட்டார். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? கூடாது. அப்படியே தெளித்தால் இலை கருகிவிடும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவும் நேரம் இல்லை. எல்லாரும் பார்க்க உடனே சொல்ல வேண்டும். "50 இல்லை, 5 மில்லி. யாரும் அவசரப்பட வேண்டாம்" என்றால் போதும்.

இன்னொன்று பாருங்கள். ஜீவாமிர்தம் என்று ஒரு கரைசல் செய்வார்கள். அதில் சாணம், கோமியம், பயறு மாவு, வெல்லம் எல்லாம் சேரும். ஒருவர் "2 கிலோ வெள்ளம்" என்று எழுதுகிறார். வெல்லம் இனிப்பு. வெள்ளம் ஆற்றில் வருவது. பாலக்காட்டுக்காரர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். இந்த இடத்தில் திருத்தம் தேவை.

ஆனால் 'வெல்லைப் பூச்சி' என்றால் யாருக்குப் புரியாது? எல்லாருக்கும் புரியும். 'செடில' என்பது பேச்சு. அதைப் பிழை என்று சொல்வதே சரியில்லை. கோவைக்காரர் "வந்திருக்குதுங்க" என்று எழுதட்டுமே. அவர் விண்ணப்பமா எழுதுகிறார்? செடியைப் பற்றித்தானே பேசுகிறார்.

திருத்துகிறவர் தடுக்கி விழுவதும் உண்டு. ஒருவர் 'உழுந்து' என்று எழுதினார் என்று வையுங்கள். "உளுந்து என்று எழுதத் தெரியாதா?" என்று இன்னொருவர் பாய்கிறார். உழுந்து என்பது பழைய வடிவம். சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் அப்படி எழுதுகிறார்கள். பவளம், பவழம் இரண்டும் சரி. கோயில், கோவில் இரண்டும் வழக்கில் உள்ளவை.

ஒரு தாத்தா விதைக் குறிப்பைக் கையால் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறார். அதில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்து இருக்கும். "இது என்ன தப்புத் தப்பாக இருக்கிறது?" என்று ஒரு பையன் கேட்கிறான். அது தப்பில்லை. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. அதற்கு முன் பள்ளியில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். தாத்தா தான் கற்றதைச் சரியாகவே எழுதியிருக்கிறார். பையன்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, சொல்லத்தான் வேண்டும் என்றால் எப்படிச் சொல்வது? முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பதிலிலேயே அந்தச் சொல்லைச் சரியாக எழுதுங்கள். "அக்கா, வெள்ளைப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் நல்லது" என்று எழுதினால் போதும். அவர் பார்ப்பார். தானே கற்றுக்கொள்வார். இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னும் சொல்ல வேண்டும் என்றால் தனியாகச் சொல்லலாம். "ஒரு எழுத்து மாறியிருக்கு, சொல்லட்டுங்களா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஒரு தடவைக்கு ஒரு பிழை போதும். பத்துப் பிழையை ஒன்றாக அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது.

நம் பிழையை ஒருவர் சொன்னால் என்ன செய்வது? முதலில் முகம் சுருங்கும். அது இயல்பு. சொன்னது சரி என்றால் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். கேலி செய்தால் "பூச்சிக்கு மருந்து தெரிந்தால் சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம். அதில் தப்பே இல்லை.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றில் உங்கள் பெயர் தப்பாக இருந்தால் கூச்சப்படாதீர்கள். அங்கே ஒரு எழுத்து மாறினாலும் பணம் வராமல் நிற்கலாம். தயங்காமல் திருத்தக் கேளுங்கள்.

தாராவி அம்மாவுக்கு என்ன ஆனது? பெங்களூரில் இருந்து ஒரு பெண் அவருக்குத் தனியாக எழுதினாள். "அக்கா, உங்க வெள்ளைப் பூச்சி போயிடுச்சா? நான் வேப்பெண்ணெய் அடிச்சேன்." மருந்தின் அளவையும் எழுதியிருந்தாள். அம்மா நாலு நாள் கழித்துப் பதில் போட்டார்.

"வெள்ளைப் பூச்சி போச்சும்மா. இங்க ஒரே மலை."

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்: "இங்கயும் நல்ல மழைதான் அக்கா. அந்த மோர் விஷயம் சொல்லுங்க."