'கேலாங்' எத்தனை எழுத்து?

'கேலாங்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கே, லா, ங் என எண்ணி, மூன்று என்பீர்கள். இதையே பிஎச்பி மொழியின் 'ஸ்ட்ர்லென்' கட்டளையிடம் கேட்டால் 18 என்கிறது. பைத்தானின் 'லென்' 6 என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் 'கே' என்பது ககரமும் ஏகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ங்' என்பது ஙகரமும் புள்ளியும். ஆக மொத்தம் ஆறு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 18.

நீங்களும் நண்பர்களும் கேலாங் உணவுக்கடைகளுக்குத் தமிழில் ஓர் இணையத்தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படை லோரோங்குகள் கேலாங் சாலையின் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒருவர் 'ஒற்றைப்படை' என்று தட்டியதும் அந்தப் பக்கத்துக் கடைகளைத் தொகுத்து அனுப்புவது சர்வரில் ஓடும் நிரல். அதை எந்த மொழியில் எழுதுவது?

உங்களிடம் விண்டோஸ், நண்பரிடம் மேக், சர்வரிலோ பெரும்பாலும் லினக்ஸ். பிஎச்பி, பைத்தான், 2009-இல் வந்த நோட்.ஜேஎஸ் ஆகியவை மூன்றிலும் ஓடும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி பெரும்பாலும் விண்டோஸ் சர்வரையே நம்பியிருந்தது. எது வேகம் என்ற சண்டையை விடுங்கள். பள்ளித் தளத்துக்கு வரும் கூட்டத்தை எதுவும் சமாளிக்கும். முதலில் தமிழைக் கொடுத்துப் பாருங்கள்.

நீளமான கடைப் பெயரைச் சுருக்க நிரலில் ஒரு வரி எழுதுகிறீர்கள். பிஎச்பியில் 'கேலாங்' என்பதை 10 பைட்டோடு வெட்டினால் 'கேல' வரும், பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். பைத்தானில் ஐந்து குறியீட்டோடு நிறுத்தினால் புள்ளி போய் 'கேலாங' ஆகிவிடும். தம் கடைப் பெயரை இப்படிப் பார்க்கும் உரிமையாளரிடம் என்ன சொல்வீர்கள்?

மாற்று வழி உண்டு. பிஎச்பியில் 'இன்டல்' இணைப்பை இயக்கி 'கிராஃபீம்_ஸ்ட்ர்லென்' கேட்டால் 3 என்று வரும். நோட்.ஜேஎஸ்ஸில் 'இன்டல்.செக்மென்டர்' அதே வேலையைச் செய்யும். பைத்தானுக்குக் கூடுதல் தொகுப்பு ஒன்றை நிறுவுவது வழக்கம்.

1995-இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழை ஏற்ற நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்தார்கள். அப்போது உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் வெறும் குறிகளாகவே தெரியும். அந்தச் சிக்கலை யூனிகோடு தீர்த்தது. எண்ணும் சிக்கலை நம்மிடம் விட்டுவிட்டது.

சாதாரண நிலையில் கணினியியல் படிப்பவர்கள் பைத்தானை எடுக்கலாம் என்பேன். பழகிய மொழியில் பிழை சீக்கிரம் கண்ணில் படும். இன்னொன்று: படக் கோப்பின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. ஒரே ஒரு பெரிய எழுத்தைத் தேடி நான் ஓர் இரவு தூங்கவில்லை.