மேசையில் 64 கோர்கள்: யாருக்குப் பயன்?

பல கோர்களை, அதாவது தனித்தனியே கணிக்கும் அலகுகளை, அடக்கிய வேர்க்ஸ்டேஷன் செயலி, சாதாரண மேசைக்கணினிக்கும் சேர்வருக்கும் இடைப்பட்ட ஒன்று. மேசைக்கணினிகளுக்கு இரட்டைக் கோர் செயலிகள் 2005இல் வந்தன. 2016இல் இன்டெல் விற்ற பத்துக் கோர் செயலியின் விலை 1,723 டொலர். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் ஏஎம்டி நிறுவனம் திரெட்ரிப்பர் 1950எக்ஸ் மூலம் 16 கோர்களை 999 டொலருக்குத் தந்தது. 2018இல் 32, 2020இல் 64, 2023இல் 96 என எண்ணிக்கை விரைந்து ஏறியது.

இந்த ஏற்றத்துக்குக் காரணம் தயாரிப்பு முறை. பெரிய சிலிக்கன் துண்டொன்றில் எல்லாக் கோர்களையும் செதுக்கினால், சிறு பழுதும் முழுத் துண்டையும் வீணாக்கக்கூடும். ஏஎம்டியோ எட்டுக் கோர் கொண்ட சிறு துண்டுகளைத் தனித்தனியே செய்து, தேறியவற்றை ஒரே செயலியாக இணைத்தது. 64 கோர் செயலியில் அத்தகைய துண்டுகள் எட்டு. நினைவகத் தொடர்பைக் கவனிக்கும் துண்டு நடுவில்.

கோர் கூடினால் வேகமும் அதே அளவு கூடுமா என்பது வேலையைப் பொறுத்தது. உதாரணமாக, 2020இன் பிற்பகுதியில், இலங்கையின் குண்டசாலைப் பிரதேசத்தின் திகன வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. பல்லேகலை நில அதிர்வு நிலையம் அவற்றைப் பதிவு செய்தது. இத்தகைய பதிவுகளில் நுண்ணதிர்வுகளைத் தேடும் வேலையை மணிநேர வாரியாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் கொடுக்கலாம். ஒன்று மற்றதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அருகிலுள்ள விக்டோரியா அணை போன்ற, 122 மீற்றர் உயர வில் அணையின் தகைப்பைக் கணிப்பது வேறு வகை. அணையைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்தாலும், ஒவ்வொரு கூறும் அயல் கூறுகளைச் சார்ந்தது. தரவு நினைவகத்திலிருந்து ஓயாமல் வந்துபோக வேண்டும். பாதை குறுகினால் கோர்கள் சும்மா நிற்கும். சாதாரண மேசைக்கணினிச் செயலிக்கு நினைவகப் பாதைகள் இரண்டு, திரெட்ரிப்பருக்கு நான்கு, அதன் ப்ரோ வகைக்கு எட்டு.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதமும் இங்கு பொருந்தும். வேலையில் 5 வீதம் பிரிக்க முடியாததாயின், 16 கோர்கள் ஏறத்தாழ 9 மடங்கு வேகம் தரும். 64 கோர்களோ 15 மடங்கு மட்டுமே. எத்தனை கோர்கள் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது.

சந்தையின் எல்லையும் நகர்ந்துவிட்டது. 2019 நவம்பரில் 749 டொலர் ரைசன் 9 3950எக்ஸ், 16 கோர்களைச் சாதாரண மதர்போர்டுக்கே கொண்டுவந்தது. அதன்பின், கோர் எண்ணிக்கையை மட்டும் காட்டி விலையுயர்ந்த செயலியை விற்பது கடினமாயிற்று. இன்று வேர்க்ஸ்டேஷன் செயலியின் உண்மையான பலம், அதிக நினைவகமும் பல கிராபிக்ஸ் அட்டைகளை ஒருசேர இணைக்கும் வசதியும்தான்.

விலையோ பெரிது. 4,999 டொலர் பெறுமதியான 64 கோர் செயலி, டொலர் 300 ரூபாய் எனக் கொண்டால், வரிகள் நீங்கலாகவே 15 இலட்சம் ரூபாயாகும். மின்தேவை 350 வாற்று. கணக்கு வைக்கவும் பாடம் தயாரிக்கவும் எட்டுக் கோர் போதும். வீடியோ தொகுப்பவருக்கு 16 போதுமானது. அதற்கு மேல் செலவிடுமுன், தமது மென்பொருள் வேலையை எத்தனை கோர்களுக்குப் பகிர்கிறது என்பதை வாங்குவோர் சோதித்தறிய வேண்டும்.