கித்தார் மூடியை ஒட்டலாமா?

மாணவர்களே, சுருட்டுப் பெட்டியில் கித்தார் செய்யும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவியது. நீங்களும் செய்து பார்த்தால், மூடியைப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். உள்ளே ஒலியுணரியின் கம்பி அறுந்தால் பெட்டியையே உடைக்க நேரிடும்.

ஒட்டாமல் விட்டால்? தந்திகளின் அதிர்வு, அவற்றைத் தாங்கும் குதிரை வழியாக மூடிக்குச் செல்கிறது. மூடி அதிர்ந்து காற்றைத் தள்ளுவதால்தான் ஓசை பெருகுகிறது. விளிம்பு தளர்ந்திருந்தால் அது பெட்டியில் மோதி இரைச்சல் எழுப்பும்.

காந்தம் வைக்கலாம், ஆனால் இடைவெளி சற்றே கூடினாலும் அதன் பிடி வெகுவாகக் குறைந்துவிடும்.

சிறந்த வழி திருகாணி. பெட்டியின் நான்கு உள்மூலைகளிலும் சிறு மரக்கட்டைகளை ஒட்டுங்கள். மரம் பிளக்காதிருக்க முதலில் துளையிட்டு, மூடியை அவற்றோடு முடுக்குங்கள். விளிம்பு அசையாது, நடுப்பகுதி தாராளமாக அதிரும். பழுதானால், நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும்!